பாகூரின் வரலாறும் பல நாட்டு அறிஞர்களும்: ஒரு மறுப்பு

ஒரு மண்ணின் வரலாற்றை அந்த மண்ணில் பிறந்தவர்களே எழுத வேண்டும், பல நாட்டு அறிஞர்கள் கூடி எழுதினால் அது திரிந்துபோகும் என்ற கருத்து தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கேள்வியில்லாமல் ஏற்கப்படுகிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் விழுகிறது. மறுத்தால் மறுப்பவரின் மண்பற்று சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஆனால் அந்தக் கருத்து தவறானது. அதைக் காட்டச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பாகூரிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைப்பது நேர்மை. அதை முன்வைப்போர் நான்கு காரணங்கள் சொல்கிறார்கள். மொழியும் ஊர் வழக்கும் அறியாதவர் கல்வெட்டைப் படித்தாலும் ஊரைப் படிக்க முடியாது என்பது ஒன்று. இந்திய வரலாற்றை முதலில் எழுதிய ஐரோப்பியர் ஆளவந்த இனத்தவர் ஆதலால், நல்லதெல்லாம் மேற்கிலிருந்து வந்ததாகக் காட்டினார்கள் என்பது மற்றொன்று. ஆய்வு என்று வந்தவர்கள் செப்பேட்டையும் சிலையையும் ஏட்டையும் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்பது மூன்றாவது. கூட்டாய்வு என்று பெயர் இருந்தாலும், வெயிலில் அலைந்து படியெடுப்பவர் உள்ளூர்க்காரர், நூலின் முகப்பில் பெயர் இடம்பெறுவது வெளிநாட்டவருக்கு என்பது நான்காவது. இந்த நான்கில் எதுவும் வெறும் கற்பனை இல்லை. ஒவ்வொன்றிலும் உண்மையான காயம் இருக்கிறது. அந்தக் காயங்களிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை.

1. ஊர் எல்லைக்குள் அடங்கிவிடும் வரலாறு எந்த ஊருக்கு இருக்கிறது?

பாகூரின் பெருமை என்று எல்லோரும் சுட்டுவது 1879இல் கிடைத்த செப்பேடுகளை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதை அவை பதிவு செய்கின்றன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அந்த ஊர்கள். கொடைக்குக் காரணமானவன் வேசாலி என்னும் பகுதியின் தலைவன் நிலைதாங்கி. ஒரு பகுதி வடமொழிச் செய்யுள், ஒரு பகுதி தமிழ் உரைநடை. ஆக, ஊர் பாகூர், அரசன் காஞ்சிக்காரன், ஆவணம் இரு மொழியில். தமிழ் மட்டும் தெரிந்தவர் கையில் இது பாதி ஆவணம். வடமொழி மட்டும் தெரிந்தவர் கையிலும் பாதிதான்.

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே சோழ மன்னர்களின் கல்வெட்டுகளோடு கன்னரதேவனின் கல்வெட்டுகளும் உள்ளன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன்தான் தமிழ்க் கல்வெட்டுகளில் கன்னரதேவன் ஆகிறான். அவன் தலைநகர் மான்யகேடம் இன்றைய கர்நாடகத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது. 949இல் தக்கோலத்தில் சோழர் படை தோற்றதன் விளைவு பாகூர்க் கோயில் சுவரில் தெரிகிறது. அந்த எழுத்தின் பொருளை முழுமையாக உணர, தக்காணத்து அரசியலைக் கன்னட, வடமொழிச் சான்றுகளிலிருந்து அறிந்த ஒருவர் வேண்டும். அவர் பாகூரில் பிறந்தவராக இருக்க வாய்ப்புக் குறைவு.

மத்திய ஆசியாவில் இதே நிலை பன்மடங்கு பெரிதாக நிற்கிறது. குஷாணப் பேரரசு இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளில் பரந்து கிடந்தது. கனிஷ்கரை இந்தியப் பாடநூல்கள் இந்திய மன்னராகவே நடத்துகின்றன. அவரது தலையில்லாத சிலை மதுராவில் கிடைத்தது. ஆனால் அவரது முன்னோர் வரிசையைத் தெளிவாக்கிய கல் 1993இல் ஆப்கானிஸ்தானின் ரபாதக் என்னும் இடத்தில் வெளிப்பட்டது. எழுத்து கிரேக்கம், மொழி பாக்திரியம். லண்டனைச் சேர்ந்த நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் அதைப் படித்தார். நாணயவியல் அறிஞர் ஜோ கிரிப் அவரோடு சேர்ந்து விளக்கினார். குஜுல கத்பிசஸ், விம தக்து, விம கத்பிசஸ், கனிஷ்கர் என்று நான்கு தலைமுறை அதில் வருகிறது. சாகேதம், கௌசாம்பி, பாடலிபுத்திரம், சம்பா என்று கங்கைச் சமவெளி நகரங்களும் அதே கல்லில் வருகின்றன. 'அவரவர் மண், அவரவர் வரலாறு' என்ற கொள்கைப்படி இந்தக் கல்லை யார் படித்திருக்க வேண்டும்? ஆப்கானியர் படிக்கலாம் என்றால் கங்கைச் சமவெளி அவர்களுடையது இல்லை. இந்தியர் படிக்கலாம் என்றால் கல் அவர்களுடையது இல்லை. பாக்திரிய மொழியைப் பேசுவோரோ இன்று எவரும் இல்லை.

2. மொழி அறிந்தவனே வரலாறு அறிவான் என்றால், எந்த மொழி?

இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்வெட்டு இதற்கு நேரடியான விடை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் பயணத்தோடு தொடர்புடையது. 1409ஆம் ஆண்டைத் தாங்கியது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் அமைந்தது. சீனப் பகுதி கொடைப் பொருள்களைப் புத்தருக்குப் படைக்கிறது. தமிழ்ப் பகுதி அத்தகைய கொடைகளைத் தேனாவரை நாயனார் என்னும் இந்துக் கடவுளுக்குப் படைக்கிறது. பாரசீகப் பகுதி அல்லாவின் பெயரில் அமைகிறது. மூன்றையும் மூன்று ஊரார் தனித்தனியே படித்திருந்தால் மூன்று வெவ்வேறு வரலாறுகள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு தரப்பும் கல் தனக்கே உரியது என்று அடித்துச் சொல்லியிருக்கும். மூன்று சமயத்தவரும் புழங்கிய ஒரு கடல்வழியில், மூவரையும் ஒருசேர மதித்துப் பேச ஒரு பேரரசு விரும்பியது என்ற உண்மை, மூன்று மொழியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோதுதான் புலப்பட்டது.

இந்த வாதத்தின் மறுபக்கத்தை அதை எழுப்புவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்னும் இடத்தில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. பெரெனிகே துறைமுகத்திலும் கிடைத்தது. தாய்லாந்தின் பூ காவ் தோங்கில் தாய், பிரெஞ்சு அறிஞர்கள் சேர்ந்து நடத்திய அகழாய்விலும் அப்படியொரு ஓடு வெளிவந்தது. அங்கெல்லாம் அகழ்ந்தவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தமிழ்க் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தேவைப்பட்டார். தமிழர் கடல்கடந்த வணிகத்தின் பெருமையைப் பேசும் ஒவ்வொரு மேடையும் இந்த ஓடுகளைச் சுட்டத் தவறுவதில்லை. எகிப்தியரும் தாய்லாந்தியரும் 'எங்கள் மண்ணை நாங்களே படிப்போம்' என்று கதவைச் சாத்தியிருந்தால் அந்த ஓடுகள் இன்றும் அடையாளம் தெரியாத கீறல்களாகப் பெட்டிகளில் கிடந்திருக்கும். பிறர் மண்ணில் தமிழறிஞருக்கு இடம் கேட்டுக்கொண்டு, தம் மண்ணில் பிறருக்கு இடமில்லை என்பது கொள்கையாகாது.

3. திரித்தவர் அயலார் என்றால், திருத்தியவர் யார்?

இந்த மறுப்பில் அதிகம் தங்க வேண்டிய இடம் அரிக்கமேடு. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள அந்த மேட்டை 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். 1946இல் அறிக்கை வந்தபோது அதன் தலைப்பே அரிக்கமேட்டுக்கு 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று பெயர் சூட்டியது. இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்பு அரிட்டைன் மட்கலங்களைக் கொண்டு அவர் காலத்தைக் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதன்முறையாக உறுதியான ஒரு காலப் பிடிமானம் கிடைத்தது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதோடு ஒரு சாய்வும் சேர்ந்து வந்தது. உள்ளே சக்கரக் கோலமிட்ட ரூலெட் மட்கலங்களை அவர் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த சரக்காகக் கருதினார். ரோமானியர் வந்ததால் ஊர் எழுந்தது, அவர்கள் போனதும் ஊர் ஓய்ந்தது என்ற சித்திரம் அதிலிருந்து வளர்ந்து பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. உள்ளூர்வாதிகளின் குற்றச்சாட்டு இங்கே முற்றிலும் சரி.

அந்தப் பிழை எப்படித் திருந்தியது? விமலா பெக்லி என்னும் தொல்லியலாளர் ரூலெட் கலங்களை மறுபடி ஆராய்ந்து, அவை இந்தியக் கைவினையே என்று 1980களில் வாதிட்டார். 1989 முதல் 1992 வரை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தன. சென்னைத் தரப்பில் கே.வி. ராமன் இருந்தார். மணிகளை அமெரிக்கரான பீட்டர் பிரான்சிஸ் ஆராய்ந்தார். முடிவுகளை இரண்டு தொகுதிகளாக, 1996இலும் 2004இலும், தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி வெளியிட்டது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அரிக்கமேட்டில் குடியிருப்பு இருந்தது, ரோமானிய வணிகம் தேய்ந்த பிறகும் ஊர் தொடர்ந்தது, மணித்தொழில் உள்ளூர்த் திறமை என்பவை இந்தக் கூட்டு உழைப்பில் நிலைபெற்றன.

1945இல் பிரெஞ்சு நிர்வாகமும் இந்தியத் தொல்லியல் துறையும் ஒத்துழைத்தன என்பது உண்மைதான். ஆனால் அன்று பலர் தோண்டினார்கள், ஒருவரே பொருள் சொன்னார். அவர் சொன்ன பொருளை எதிர்த்துக் கேட்கும் நிலையில் அவரைச் சுற்றி எவரும் இல்லை. 1989இல் நிலைமை வேறு: களத்திலிருந்த ஒவ்வொருவரும் மற்றவரின் முடிவை மறுக்கும் தகுதியோடு இருந்தார். திரிபு பிறந்தது விளக்கம் ஒரு கையில் இருந்ததால். திருத்தம் பிறந்தது அது பல கைகளுக்குப் போனதால். இங்கிலாந்துக்காரர் ஒருவரின் ஏகபோகத்துக்குப் பதிலாகப் புதுச்சேரிக்காரர் ஒருவரின் ஏகபோகம் வந்தால் சாய்வு திசை மாறும்; ஒழியாது.

அரிக்கமேட்டில் 1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-மரீ கசால் அடுத்துப் போன இடம் ஆப்கானிஸ்தானின் முண்டிகாக் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சிந்துவெளிக்கும் மத்திய ஆசியாவுக்கும் இடையிலுள்ள வெண்கலக் காலத் தொடர்பை அறிய முண்டிகாக் இன்றும் அடிப்படைச் சான்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மண்ணடுக்கைப் பிரித்துப் பார்த்த கை காந்தகார் அருகிலும் அதே வேலையைச் செய்தது.

4. பொருள்கள் போயின, அதற்காக அறிவும் போக வேண்டுமா?

பாகூர்ச் செப்பேடுகள் பிரான்சுக்குப் போயின. ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையில், கேட்க ஊராருக்கு உரிமை இல்லாத காலம் அது. அதை இழப்பு என்றே சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்பதும் நியாயம். ஆனால் அந்த இழப்பு கூட்டாய்வின் விளைவு என்று சொல்வது காலத்தையும் காரணத்தையும் குழப்புவதாகும். சமமான இரு தரப்பு இருந்தால்தானே கூட்டு? 1879இல் ஒரு தரப்புதான் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ழுலியன் வென்சோனும் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்சும் அந்த ஏடுகளின் வாசகத்தில் உழைத்ததால்தான், அசல் கைக்கு எட்டாத நிலையிலும் பாகூர் மாணவர் தம் ஊர்க் கல்விநிலையத்தைப் பற்றி இன்று படிக்க முடிகிறது.

சமமான கூட்டு வந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கும் புதுச்சேரியே சாட்சி. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகத் திரட்டிய சைவ ஏட்டுச்சுவடிகள் புதுச்சேரியிலேயே இருக்கின்றன. அங்குள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. கதவைச் சாத்தியிருந்தால் அவற்றில் பல செல்லரித்துப் போயிருக்கும்.

5. உள்ளூர் அறிஞர் எடுபிடிதானா?

நான்கு காரணங்களில் இதுவே கனமானது. களத்தில் உழைத்தவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் முடிந்துபோன நூல்கள் பல உண்டு. பெயரே இல்லாமல் போனவர்களும் உண்டு. இந்த அநீதியை எதிர்க்காத எவரும் கூட்டாய்வின் பெயரால் பேசத் தகுதியற்றவர்.

ஆனால் அநீதிக்கு மருந்து எது என்பதைப் பாகூரே காட்டிவிட்டது. புதுச்சேரிப் பகுதியின் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் திரட்டியவர் பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி. அவற்றைப் பதிப்பித்தவர் தமிழறிஞர் கோ. விஜயவேணுகோபால். வெளியிட்டவை இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள். முதல் பகுதி 2006இலும் இரண்டாம் பகுதி 2010இலும் வந்தன. தொகுத்தவராகக் குப்புசாமியின் பெயர் நூலிலேயே நிற்கிறது. கோயில் கோயிலாகப் போகும் கால் அவருக்கு இருந்தது. எந்த ஊரில் யாரைக் கேட்டால் கதவு திறக்கும் என்ற அறிவு அவருக்கு இருந்தது. பதிப்பு நெறி விஜயவேணுகோபாலிடம் இருந்தது. அச்சிட்டு உலக நூலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வலு நிறுவனங்களிடம் இருந்தது. மூன்றில் எது குறைந்திருந்தாலும் பாகூர்க் கல்வெட்டுகள் இப்படி ஒரே இடத்தில் கிடைத்திருக்காது.

இது விதிவிலக்கு என்று தள்ளவும் முடியாது. தேவாரத்தின் ஆய்வுப் பதிப்பை தி.வே. கோபாலையர் செய்தார், பிரான்சுவா குரோ அவரோடு உழைத்தார். உத்தரமேரூர் பற்றிய 1970ஆம் ஆண்டு நூல் குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து எழுதியது. ஆகமங்களைப் பதிப்பித்த என்.ஆர். பட் தம் பெயரிலேயே அவற்றை வெளியிட்டார். ஜப்பானியரான நொபோரு கராஷிமா, திருச்சிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, அல்லூர் ஊராரின் கூட்டு நிலவுடைமைக்கும் பிரமதேயம் என்னும் பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தின் தனியார் உடைமைக்கும் இருந்த வேறுபாட்டை 1966இல் காட்டினார். பிறகு எ. சுப்பராயலுவோடும் தோரு மட்சுயியோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் அகரவரிசைப்படுத்தி 1978இல் வெளியிட்டார். சோழர் காலச் சமூகத்தைப் பற்றி இன்று தமிழில் எழுதும் எவரும், உள்ளூர்வாதம் பேசுபவர் உட்பட, அந்த உழைப்பின் மேல் நின்றுதான் எழுதுகிறார்.

பாகூரும் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணர் ஊராக, சபை ஆண்ட ஊராக இருந்தது. ஈசானமங்கலத்துக்குக் கேட்ட கேள்விகளைப் பாகூருக்கும் கேட்க முடிகிறது என்றால், கேள்வியின் வடிவத்தைத் தந்தவர் ஜப்பானியர் ஒருவர் என்பதை மறைப்பதில் என்ன பெருமை?

6. குழு எழுதும் வரலாறு சாரமற்றது என்பார்கள்.

ஓரளவு உண்மை. மத்திய ஆசிய நாகரிகங்களின் வரலாற்றை எழுத யுனெஸ்கோவின் பொதுமாநாடு 1976இல் நைரோபியில் முடிவெடுத்தது. முதல் தொகுதி 1992இல் வந்தது, ஆறாவது 2005இல். தொடங்கும்போது இருந்த சோவியத் ஒன்றியம் முதல் தொகுதி வருவதற்குள் மறைந்துவிட்டது. அத்தியாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் இடங்களும் உள்ளன. ஆனால் முதல் தொகுதியைப் பாகிஸ்தானின் அகமது ஹசன் தானியும் ரஷ்யரான மாசனும் சேர்ந்து பதிப்பித்தார்கள். ஐந்தாம் தொகுதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் இந்தியாவின் இர்பான் ஹபீப். எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் நாடுகளின் அறிஞர்கள் ஒரே நூல்வரிசையில், ஒருவர் சான்றை மற்றவர் சரிபார்க்கும்படி எழுதினார்கள். அந்தந்த நாட்டின் அரசுப் பாடநூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு எது சாரமற்றது என்பது விளங்கும்.

7. கதவைச் சாத்தினால் பாகூர் எதை இழக்கும்?

புதுச்சேரிப் பகுதியிலேயே உள்ள திருபுவனையில், சோழ மன்னன் முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு கல்வி நிலையத்தைப் பேசுகிறது: 260 மாணவர், 12 ஆசிரியர், அவர்களுக்கான நிலவருவாய். பாகூர் வித்தியாஸ்தானமும் திருபுவனைக் கல்லூரியும் ஒரே மரபைச் சேர்ந்தவை. நிலத்தின் விளைச்சலை நிரந்தரமாக ஒதுக்கி, அதைக் கொண்டு கல்வியை நடத்தும் மரபு அது. ஏறக்குறைய அதே காலத்தில், 1066இல், சமர்கந்தில் கராகானிய மன்னன் இப்ராகிம் தம்காச் கான் ஒரு மதரசாவை நிறுவி, சொத்துகளின் வருவாயை அதற்கு எழுதிவைத்தான். அந்த அறக்கொடை ஆவணத்தின் வாசகம் 1967இல் பாரிசில் அச்சானது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய ஒதுக்கீடு அதிலும் உண்டு.

வெவ்வேறு சமயம், வெவ்வேறு மொழி, தொடர்பே இல்லாத இரண்டு அரசுகள்; கல்விக்கு நிரந்தர வருவாய் தேடிய வழி மட்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் நிலத்தை உழுதவர் யார், அவர்மேல் விழுந்த சுமை என்ன, கொடையை மேற்பார்த்தவர் சபையா, தனி அதிகாரியா, எவருக்குக் கல்வி மறுக்கப்பட்டது என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துக் கேட்டால் பாகூரைப் பற்றியே புதிய விடைகள் கிடைக்கும். அதற்குத் தமிழும் வடமொழியும் அறிந்த ஒருவர், அரபியும் பாரசீகமும் அறிந்த ஒருவர், இறைப்புனைச்சேரியின் பழைய எல்லைகளை வயல்வெளியில் நடந்து காட்டக்கூடிய பாகூர்க்காரர் ஒருவர் என்று மூவர் வேண்டும். செப்பேடுகளின் தெளிவான ஒளிப்படங்கள் பாகூரிலும் கிடைக்க வேண்டும். முடிவுகள் தமிழில் அச்சாக வேண்டும். மூவர் பெயரும் முகப்பில் இருக்க வேண்டும். இவற்றைக் கூட்டாய்வின் நிபந்தனைகளாக எழுத்தில் கேட்டு வாங்க முடியும். கதவைச் சாத்திவிட்டவர்களால் எதையும் கேட்க முடியாது.